சம்பந்தி ஊரில் ஓர் அரையிறுதி

புதுவயலில் சேவுகப்பெருமாள் அண்ணனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் குரலைத் தெரியாதவர்கள் இருக்க வழியில்லை. அரிசி மில்லில் நெல் அவிக்கும் பாய்லரடியில் முப்பது வருஷம் நின்றவர். மோட்டாரும் பெல்ட்டும் சல்லடையும் ஒன்றாக ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை அது. வீட்டில் உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பும் அதே அளவில்தான் இருக்கும்.

அந்தக் குரலை அவர் இரண்டு காரியத்துக்குச் செலவழித்தார். ஒன்று மில். மற்றொன்று எங்கள் ஊர் யங் ஸ்டார் கால்பந்துக் குழு. அந்தக் குழுவுக்கு நான்தான் செயலாளர். செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வேன் பிடிப்பது, ஆட்டக்காரர்கள் பெயரை எழுதிக் கொடுப்பது, இடைவேளைக்கு வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் வாங்கி வைப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். மற்ற நேரத்தில் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பெயர் லட்சுமணன்.

அண்ணன் பந்தைக் காலால் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை அவருக்குச் சரியாகத் தெரியாது. நமக்கு எதிராகக் கொடி தூக்கினால் அது அநியாயம், அவர்களுக்கு எதிராகத் தூக்கினால் நியாயம் என்பதோடு அவருடைய சட்ட அறிவு முடிந்துவிடும். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் வெளியூர் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. பந்து ஏற மறந்தாலும் மறக்கும், வேனின் முன் சீட்டில் அண்ணன் துண்டோடு உட்கார்ந்திருப்பார். ஆறு கோல் வாங்கினாலும் கடைசி விசில் வரை கோட்டோரம் நின்றேதான் பார்ப்பார். பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறவர்களை அவர் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தோற்ற நாளுக்கு அவரிடம் தனி முறை உண்டு. முதல் நிமிஷத்திலிருந்து ஆட்டத்தை ஒருமுறை முழுக்கச் சொல்லித் தீர்க்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார். கேட்க யாரும் கிடைக்காவிட்டால் அவர் மனைவி விசாலம் அக்கா தட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அக்கா ஒரு நாளும் மைதானம் பக்கம் வந்ததில்லை. ஆனாலும் எந்த வருஷம் எந்த ஊரில் எந்தப் பக்கத்துக் கம்பத்தில் பந்து பட்டுத் திரும்பியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தோல்விக்கு யாராவது சமாதானம் சொன்னால் மட்டும் அண்ணனுக்குத் தாங்காது. ஒருமுறை எங்கள் கோச், "தோத்ததும் ஒரு வகையில நல்லதுதாண்ணே, பயலுகளுக்குத் தலைக்கனம் குறையும்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "தோத்தது எந்த வகையிலயும் நல்லதில்ல. நல்லதுன்னு சொல்றவன் ஆட்டத்தைப் பாக்கவே இல்ல" என்றார். அதோடு ஆறு மாசம் கோச்சோடு பேச்சு இல்லை. அந்த ஆறு மாசமும் வேனில் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து போய் வந்தேன்.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் அழகுமீனா. பி.காம் முடித்த பெண். போன தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பாண்டீஸ்வரனுக்கு ஊர் சிங்கம்புணரி, அங்கே தேங்காய் நார்க் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அமைதியான பிள்ளை. பெண்ணைக் கொண்டுபோய் விட்டது தாய்மாமன் வீட்டார். கல்யாணத்துக்குப் பிறகு பெற்றவர்கள் முதல்முதலாகச் சம்பந்தி வீட்டுக்குப் போவதென்றால் அதற்குத் தனியாக நாள் பார்க்க வேண்டும், தாம்பாளத்தில் பழமும் பலகாரமும் வைத்து எடுத்துப் போக வேண்டும், போகிற ஆட்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இது அவர்கள் வகையறாவில் இருக்கும் வழக்கம். மாசியில் இரண்டு தடவை நாள் பார்த்தார்கள். இரண்டு தடவையும் தவறிப் போனது. அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற காலம், பாய்லர் ராப்பகலாக ஓடியது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அது உண்மைதான். "சித்திரை பொறக்கட்டும்த்தா, ஒன்னாந்தேதி முடிஞ்ச கையோட வந்துருவோம்" என்று மகளிடம் போனில் சொல்லி வைத்திருந்தார். அவளும் சரியென்றுதான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு தடவை பேசும்போதும் எப்ப வாரீக என்று கேட்காமல் அவள் போனை வைத்ததில்லை.

பங்குனியில்தான் வினை வந்து சேர்ந்தது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் குழு ஒரு போட்டியில் அரையிறுதிக்கு வந்தது. எதிரணி சிங்கம்புணரி. ஆட்டம் நடக்கிற இடமும் சிங்கம்புணரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. தேதி தெரிந்த அன்றைக்கே விசாலம் அக்கா புருஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

"இங்க பாருங்க. சம்பந்தி ஊருக்குள்ள போயிட்டு அவுக வாசலை மிதிக்காம வந்தீகன்னா எம்மக அங்க எப்படித் தலை நிமிந்து நடப்பா? போனா தட்டோட போகணும், என்னையும் கூட்டிக்கிட்டுப் போகணும். இல்லைன்னா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது."

"யாரு போறா? எனக்கு மில்லுல தலைக்கு மேல வேலை கெடக்கு" என்றார் அண்ணன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

சனிக்கிழமை அண்ணன் என் கடைக்கு வந்தார். மில்லில் இன்னொரு ஆளைத் தனக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை நிற்கச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டாராம். வீட்டில் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளைக் கும்பிடப் போவதாகச் சொல்லியாயிற்றாம். திருப்பத்தூர் வரைக்கும் இரண்டுக்கும் ஒரே பாதைதானே, அதனால் பாதிதான் பொய் என்று எனக்கு விளக்கினார். விசாலம் அக்காவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் சாமி பேரைச் சொல்லிக் கிளம்புகிற மனுஷனை எப்படித் தடுப்பது? மகள் பேருக்கு ஒரு விளக்குப் போட்டு வரச் சொல்லி ஒரு பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

"என் பேரே சிங்கம்புணரிச் சாமி பேருதான் லட்சுமணா. சேவுகப்பெருமாள் தன் ஊருக்குப் போறதுக்கு யாருகிட்டக் கேக்கணும்?" என்று சிரித்தார் அண்ணன். சிரித்தாரே தவிர, எண்ணெய்ப் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். நானாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் இல்லாமல் ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேன் குன்றக்குடியைத் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. அந்தப் போனும் அவரைப் போலத்தான், ஸ்பீக்கர் போடாமலே வேன் முழுக்கக் கேட்கும். மகள்தான் பேசினாள்.

"அப்பா, இன்னைக்கு நம்ம டீமு இங்க ஆட வருதுன்னு மைக்குல சொல்லிக்கிட்டே போறாக. நீங்களும் வாரீகளாப்பா?"

பயல்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இல்லத்தா. பாய்லருக்கு ஆளு இல்ல. நான் எங்குட்டு வர?"

"என்னமோ இரைச்சலா இருக்கே?"

"மில்லுக்குள்ள நிக்கிறேன்ல."

அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு மாட்டுக்காக ஹாரனை அமுக்கினார். எல்லோரும் அவரை முறைத்தோம். 

"சரிப்பா. சித்திரைக்காச்சும் வந்துருங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பிள்ளையார்பட்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "பெத்த பிள்ளைகிட்டப் பொய் சொல்லிட்டேன்டா" என்றார். அவளிடம் வருகிறேன் என்று சொன்னால் சம்பந்திக்குத் தெரியும், சம்பந்திக்குத் தெரிந்தால் வாசலுக்கு வந்து அழைப்பார், அழைத்தால் வெறுங்கையோடு போக முடியாது, போகாமலும் இருக்க முடியாது, இதற்கெல்லாம் நடுவில் ஆட்டம் முடிந்து போகும். இதை அவர் எனக்கு மூன்று தடவை விளக்கினார். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன். விசில் அடித்ததும் வேனில் ஏறிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை என்று நானும் சொன்னேன். அதை நான் நம்பவும் செய்தேன்.

சிங்கம்புணரி மைதானத்துக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. அந்தத் தெருவில் மூன்றாவது வீடுதான் அழகுமீனாவை வாழக் கொடுத்த வீடு என்பதை அண்ணன் மைதானத்துக்குள் நுழைந்த பிறகுதான் சொன்னார். கல்யாணப் பேச்சின்போது வந்து பார்த்தது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.  அவர் துண்டைத் தலையில் சுற்றி நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். மைக் செட்டுக்காரர்கள் நிறுத்தியிருந்த டெம்போவின் பின்னால் போய் நின்றார். ஆட்டம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று பெருமாள் மேல் சத்தியம் செய்தார். பெருமாளை அன்றைக்கு அவர் சும்மா விடுவதாக இல்லை.

ஆட்டம் தொடங்கியது. பத்து நிமிஷத்திலேயே எங்கள் பயல்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. பந்தை வாங்குகிறவன் ஒரு நொடி நின்று கோட்டோரம் பார்க்கிறான், அதற்குள் பந்து போய்விடுகிறது. எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. "இங்குட்டுத் தட்டு, அங்குட்டு ஆளு சும்மா நிக்கிறான் பாரு" என்ற குரலைக் கேட்டே ஓடிப் பழகியவர்கள் அவர்கள். அந்தக் குரல் டெம்போவின் பின்னால் துண்டு நுனியைக் கவ்விக்கொண்டு நின்றது. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கினோம். ஊரே எழுந்து கத்தியது. அண்ணன் டெம்போவின் தகரத்தை ஒரு குத்து விட்டார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மைக் செட்டு ஆள் எழுந்து வந்து எங்களைத் திட்டினான். இருவரும் மன்னிப்புக் கேட்டோம்.

இடைவேளையில் பழம் எடுக்க வந்த ஐயனார் என்னிடம் கேட்டான். நாச்சியாபுரத்துப் பையன், இடது ஓரத்தில் ஓடுகிறவன். "அண்ணன் எங்கண்ணே? சத்தமே காணோம். யாருமில்லாத ஊருல ஆடுறாப்புல இருக்கு."

அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது. டெம்போவின் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி அசைத்தார்.

இரண்டாவது பாதியில் நாங்கள் கொஞ்சம் நன்றாகவே ஆடினோம். கோல்கீப்பர் ஆரிஃப் நிச்சயம் கோல் என்று நாங்கள் நினைத்த மூன்று பந்துகளைத் தடுத்தான். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஐயனார் இடது ஓரத்தில் பந்தோடு கிளம்பினான். இரண்டு பேரைத் தாண்டிவிட்டான். மூன்றாவது ஆள் மறித்தான். வலது பக்கம் கோலுக்கு நேராக எங்கள் ஆள் கார்த்திகேய சிவம் தன்னந்தனியாக நின்றான். ஐயனார் அவனைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி மறுபடி மறுபடி அந்த மூன்றாவது ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பக்கத்தில் துண்டு கீழே விழுந்ததைப் பார்த்தேன்.

"அங்குட்டுப் போடுறா ஐயனாரே! அங்குட்டு! அங்குட்டேய்!"

முப்பது வருஷம் மில்லை ஜெயித்த குரல் அது. மைதானமே ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. ஐயனார் பார்க்கக்கூட இல்லை, குரல் சொன்ன பக்கம் அப்படியே பந்தை அடித்தான். கார்த்திகேய சிவம் காலை நீட்டினான். கோல்.

நான் குதித்தேன், அண்ணன் குதித்தார், டெம்போக்காரன்கூடக் குதித்தான், எந்த ஊர்க்காரன் என்பதை மறந்துவிட்டான் போலிருக்கிறது. குதித்து இறங்கியபோது தற்செயலாக மதிலைப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் ஒரு பெண் கையில் துணிகளோடு நின்றிருந்தாள். தூரத்தில் முகம் தெரியவில்லை. அவள் கையிலிருந்து ஒரு சேலை நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. நான் அதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற நிலையில் அவர் இல்லை. சத்தியமெல்லாம் காற்றில் போயிற்று. கோட்டோரம் போய் நின்று வழக்கம்போல் இரைய ஆரம்பித்துவிட்டார். பயல்களும் தெளிந்துவிட்டார்கள். அடுத்த எட்டு நிமிஷம் சிங்கம்புணரிக்காரர்கள் பந்தைத் தேடினார்கள் என்றே சொல்லலாம்.

கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அந்தப் பாதியில் வந்த அத்தனை பந்தையும் பிடித்த ஆரிஃப் இதற்கும் சரியாகத்தான் எழும்பினான். எங்கள் ஆள் ஒருவனே அவன் மேல் மோதிவிட்டான். பந்து கை நழுவி, கம்பத்தில் பட்டு, யாருடைய முழங்காலிலோ பட்டு உள்ளே உருண்டது. உருண்டது என்பது சரியான வார்த்தை. அடித்துப் போன பந்தென்றால் மனசு ஆறும். இது மெதுவாக, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. நடுவர் கடைசி விசிலை ஊதினார்.

அண்ணன் கோட்டோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சுற்றி வேட்டு வெடித்தார்கள், சிங்கம்புணரிப் பையன்கள் தோளில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்டா லட்சுமணா. ஒரே நிமிஷம் தாக்குப் பிடிச்சிருந்தா பெனால்ட்டிக்குப் போயிருக்கும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். விளையாட்டுக்கு யாராவது அழுவார்களா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். பதினொரு வருஷம் காத்திருந்து பார்த்தால் தெரியும்.

தோற்ற அணிக்கும் பரிசு உண்டு என்று மைக்கில் அழைத்தார்கள். நான் போய் வாங்கினேன். பெரிய எவர்சில்வர் தாம்பாளம். நடுவில் போட்டியின் பெயரும் அதன் கீழ் 'அரையிறுதி, ஆறுதல் பரிசு' என்றும் வெட்டியிருந்தார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அண்ணனை எழுப்பி, பயல்களைச் சேர்த்துக்கொண்டு வேனுக்கு விரைந்தேன்.

வேன் கதவருகே மாப்பிள்ளை பாண்டீஸ்வரன் நின்றிருந்தார்.

"வாங்க மாமா. எப்ப வந்தீக?" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கியவரைக் கேட்பதுபோல் கேட்டார். குரலில் குத்தலே இல்லை. குத்தலாகக் கேட்டிருந்தால்கூட அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாப்ளே, அது வந்து" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"மீனா மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தா. அங்குட்டுன்னு சத்தம் கேட்டதும், எங்கப்பா வந்திருக்காகன்னு சொன்னா. இருக்காது, அவுக மில்லுல இருக்காகல்லன்னு நான் சொன்னேன். அவ பேசாமக் கீழ எறங்கி வந்துட்டா. வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்."

"வெறுங்கையோட எப்படி மாப்ளே? உங்க அத்தையும் வரல. மொதல் தடவை..."

"அவதான் கூட்டியாரச் சொன்னா" என்றார் பாண்டீஸ்வரன். 

கடைக்கு ஓடிப் பழம் வாங்கலாம் என்றால் மாப்பிள்ளை கண் முன்னால் ஓட வேண்டும், அது இன்னும் கேவலம். என் வாழ்நாளில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய ஒரே யோசனை அப்போதுதான் உதித்தது. கக்கத்தில் இருந்த தாம்பாளத்தை வேன் சீட்டில் வைத்துத் துடைத்தேன். இடைவேளைக்கு வாங்கியதில் இரண்டு சீப்புப் பழம் மீதி இருந்தது, அடிபடாததாகப் பார்த்து அடுக்கினேன். ஓரத்தில் ஆறு எலுமிச்சம்பழம். டிரைவர் தன் கண்ணாடியில் மாட்டியிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றிக் கொடுத்தார், காலையில் கட்டியது, கொஞ்சம் வாடியிருந்தது. ஆட்களை எண்ணிப் பார்த்தேன். ஆட்டக்காரர் பதினாலு, கோச், டிரைவர், அண்ணன், நான். பதினெட்டு.

"ரெட்டைப்படை ஆகாதுல்ல? நான் வேன்லயே படுத்துக்கிறேன்" என்றார் டிரைவர்.

பதினேழு பேர் அந்தத் தெருவுக்குள் நடந்தோம். முன்னால் தாம்பாளத்தோடு ஐயனார், பின்னால் புழுதி படிந்த சட்டைகளோடு தோற்றுப்போன ஒரு குழு, நடுவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சேவுகப்பெருமாள் அண்ணன். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. சீர் கொண்டுபோகிற ஆட்கள் முழங்காலில் ரத்தத்தோடு போவதை அவர்கள் முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார்கள்.

சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து தட்டை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, பெரிய மனுஷி. அழகுமீனா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வாங்கப்பா" என்றாள். எங்களையும் பெயர் சொல்லி வாங்கண்ணே என்றாள். அப்பாவின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஆட்டம் பார்த்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார், சிங்கம்புணரி அணிக்கு அவர் ஆயுள்கால ரசிகராம். அண்ணனைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு ஆட்டத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். தோற்றவர் சொல்லித் தீர்க்கிற ஆட்டத்தை அன்றைக்கு ஜெயித்தவர் சொன்னார்.

"கோவிச்சுக்காதீக சம்பந்தி, உங்க பயலுகளுக்குக் கார்னரைத் தடுக்கவே தெரியல."

"ஆமாங்க சம்பந்தி."

"அந்தக் கோலு சும்மா வரல பாத்துக்கங்க. பக்காவாத் திட்டம் போட்டு அடிச்சது."

முழங்காலில் பட்டு உருண்ட பந்து! அண்ணனின் தாடை இறுகியது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தத் தெருவே அதிர்ந்திருக்கும். பெண்ணைக் கொடுத்தவர் என்ன செய்வார்? "ஆமாங்க சம்பந்தி" என்றார் மறுபடியும். அக்கம்பக்கத்து வீட்டு மாவெல்லாம் அதற்குள் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு அடுப்பில் தோசை வார்த்தார்கள். பயல்கள் தோல்வியை மறந்து தின்றார்கள். ஆரிஃப் மட்டும் இரண்டோடு நிறுத்திக்கொண்டான். அண்ணன் ஒன்றைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் தட்டைக் கொடுக்கக் கூடாதென்று தேங்காயும் வெற்றிலை பாக்கும் விசாலம் அக்காவுக்கு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்திருந்தார். எல்லோரும் வேனை நோக்கி நடந்தார்கள். தட்டு என் கையில் இருந்ததால் நான் அண்ணனுக்காக வாசலில் நின்றேன். அழகுமீனா அப்பாவோடு கேட் வரை வந்தாள்.

அண்ணன் பையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். "உங்கம்மா குடுத்துவிட்டா. உன் பேருக்குத் திருக்கோஷ்டியூர்ல விளக்குப் போடச் சொன்னா."

அவள் பாட்டிலையும் அவரையும் பார்த்தாள். "அம்மாகிட்டயும் பொய்யாப்பா?"

அவர் பாட்டிலை அவள் பக்கம் நீட்டினார்.

"உங்க சத்தம் கேட்டதும் எனக்கு எம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? நம்மளைப் பாக்க வந்துட்டாகன்னுதான் மொதல்ல நெனைச்சேன். அப்பறந்தான் நீங்க போன்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு."  பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "நானே போயி விளக்குப் போட்டுக்கிறேன். நீங்க அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க."

"சொல்லிர்றேந்த்தா."

"ஒன்னு கேக்கவா? இன்னைக்கு ஜெயிச்சிருந்தீகன்னா வீட்டுக்கு வந்திருப்பீகளா?"

ஜெயித்திருந்தால் நாங்கள் விசில் அடித்த வேகத்தில் வேனில் ஏறியிருப்போம், கத்திக்கொண்டே ஊர் எல்லையைத் தாண்டியிருப்போம், மாப்பிள்ளை வந்து நிற்பதற்குள் திருப்பத்தூர் வந்திருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

"வந்திருக்க மாட்டேந்த்தா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்பத் தோத்தது நல்லதுதான்" என்றாள்.

நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த வார்த்தைக்காக ஒரு மனுஷனோடு ஆறு மாசம் பேசாமல் இருந்தவர் அவர். அண்ணன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாத்தா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.